விரல் வெட்டிக்கொண்டால் காப்பித்தூள் டப்பாவைத் தேடாதீர்கள்

அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் நம் வீடுகளில் முதலில் திறப்பது காப்பித்தூள் டப்பா, இல்லாவிட்டால் மஞ்சள்தூள், சில வீடுகளில் சுண்ணாம்பு. ரத்தம் நின்ற மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தூள் அழுக்கோடு காயத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் வெட்டியதைவிட அதிகமாக வலிக்கும் (அனுபவம்).

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொள்ளுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து வந்து மறுபடி முதலிலிருந்துதான். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

நின்றதும் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள், சோப்பு காயத்தைச் சுற்றி மட்டும். தொட்டித் தண்ணீர் மேல் சந்தேகமா, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். வண்டியிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்திருந்தால் கழுவுவதுதான் முக்கால்வாசி வைத்தியம், ஏனென்றால் உள்ளே தங்குகிற மண் சீழ் வைக்கும், ஆறினாலும் கறுப்புப் புள்ளியாகத் தோலில் நின்றுவிடும். ஸ்பிரிட் வேண்டாம். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை நமக்கு, அது கிருமியோடு சேர்த்து வளர்கிற தோலையும் பொசுக்கும்.

அடுத்து, 'காத்தாட விடு, காயட்டும்' என்று பாட்டி சொல்வது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962-லேயே பன்றிகளின் காயங்களை வைத்துப் பார்த்துவிட்டார்: பொருக்குத் தட்ட விட்ட காயத்தைவிட, மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. அதனால் மெல்லிசாக வாசலின் தடவி பிளாஸ்திரி போடுங்கள், தினம் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் உடனே.

ஒவ்வொரு கீறலுக்கும் டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையில்லை. தடுப்பூசியெல்லாம் ஒழுங்காகப் போட்டவர் என்றால் சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால்தான் மறுபடி ஊசி, மண், சாணம், ஆணி என்றால் 5 வருடம் ஆகியிருந்தால்.

அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்து நிற்கிறது, விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் தையல் போடவேண்டியிருக்கலாம், அன்றே போய்விடுங்கள். நாலு நாள் கழித்துச் சிவப்பு பரவினாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்கள் கால் காயத்தைக் காட்டிவிடுவதே நல்லது. நாய், பூனை பிராண்டியது மட்டும் சின்னக் கீறல் கணக்கிலேயே வராது. 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசிக்குப் போங்கள்.