நீண்ட நோய் விடுப்பு: ஈ.எஸ்.ஐ. பணமும் விடுப்புச் சம்பளமும் மோதாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நாற்பது நாள் படுக்கையில் கிடந்து எழுந்து வந்த தொழிலாளி ஒருவர், தன் வங்கிப் புத்தகத்தைச் சம்பளப் பிரிவில் என் மேசைமீது வைத்தார். "38 நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வரும் என்று நினைத்தேன். 29 நாளுக்குத்தான் வந்திருக்கிறது. நான் ஒருநாள்கூட வேலைக்கு வரவில்லையே" என்றார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவரைக் கேட்காமலே நடுவில் எட்டு நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு எழுதப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 15-க்கு விடுமுறைச் சம்பளம். ஒன்பது நாள் போன இடம் அதுதான்.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. சம்பளத்துடன் கூடிய விடுப்போ விடுமுறையோ உள்ள நாளுக்கு ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகை கிடையாது. ஒரு நாளுக்கு ஒரு பணம்தான். ஆகவே எந்த நாளை எதில் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

1. தகுதி இருக்கிறதா?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளத்தில் பிடித்து ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டிய பங்களிப்பு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்கு உதவும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும். பங்களிப்பு கட்டும் அந்த ஆறு மாதத்துக்குப் பங்களிப்புக் காலம் என்று பெயர். அதில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும்.

2. ஒரு நாள் தொகையைக் கணக்கிடுங்கள்

அந்த ஆறு மாதச் சம்பளத்தை, சம்பளம் பெற்ற நாட்களால் வகுத்தால் சராசரி தினச் சம்பளம் வரும். அதில் 70 சதவீதம் உங்களுக்கு. 1,08,000 ரூபாய், 180 நாள் என்றால் தினச் சம்பளம் 600, உதவித்தொகை 420. ஓராண்டில் அதிகபட்சம் 91 நாட்கள்.

3. ஒரு தாளில் நாட்காட்டி வரையுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. என் அனுபவத்தில் பணமும் விடுப்பும் கரைவது இங்கேதான். மேலே சொன்ன தொழிலாளியின் கணக்கையே போடுவோம். ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 9 வரை 40 நாள். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாட்கள், அவற்றுக்கு ஈ.எஸ்.ஐ. தராது. (முந்தைய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.) ஆகஸ்ட் 15-க்கு நிறுவனம் சம்பளம் தந்ததால் அதுவும் கழியும். மீதி 37 நாள், 15,540 ரூபாய். காத்திருப்பு நாட்கள் இரண்டுக்கு மட்டும் ஈட்டிய விடுப்பு கேட்டிருந்தால் 1,200. சுதந்திர தினச் சம்பளம் 600. மொத்தம் 17,340 ரூபாய்.

அவருக்கு உண்மையில் வந்தது 29 நாள் உதவித்தொகை 12,180, சம்பளம் 5,400, ஆக 17,580. கூடுதல் 240 ரூபாய். அதற்காக ஆறு நாள் விடுப்பு அதிகமாகத் தீர்ந்துபோனது. மகளின் பிரசவத்துக்கென்று அவர் சேர்த்துவைத்திருந்த விடுப்பு அது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளை நீங்களாகக் கழித்துவிடாதீர்கள். சம்பளம் வராத நாள் என்றால் அதற்கும் உதவித்தொகை கேட்கலாம்.

4. எழுத்தில் கொடுங்கள்

"இன்ன தேதிகளுக்கு மட்டும் ஈட்டிய விடுப்பு, மற்ற நாட்கள் சம்பளமில்லா நோய் விடுப்பு" என்று இரண்டு வரிக் கடிதம் போதும். தேதியிட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதையும் சம்பளம் பெற்றீர்களா என்பதையும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யும். இரண்டு பக்கமும் பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டிவரும். ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ்களில் நாள் இடைவெளி விழாமல் பாருங்கள்.

5. அடுத்த ஆறு மாதத்தையும் பாருங்கள்

விடுப்புச் சம்பளத்திலும் பங்களிப்பு பிடிக்கப்படுகிறது. ஆகவே அந்த நாட்கள் 78-இல் சேரும். உதவித்தொகை வாங்கும் நாட்கள் சேராது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்கள் சம்பள நாட்கள் 72-தான் தேறும் என்றால், அந்தக் காலத்துக்குள்ளேயே ஆறு நாள் ஈட்டிய விடுப்பு எடுங்கள். இல்லாவிட்டால் ஜனவரியில் மறுபடி படுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. நோயின் நடுவில் விடுப்பு எழுதச் சொல்லி நானே வற்புறுத்துவது இந்த ஒரு நிலைமையில்தான்.

6. 91 நாளும் தீர்ந்தால்

மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பை இப்போது எடுங்கள். இதற்காகத்தான் அதைக் காப்பாற்றச் சொன்னேன். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை உண்டு. தினச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து, நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் கட்டியிருக்க வேண்டும். 91-ஆவது நாள் வரை காத்திருக்காமல், நோய் இன்னதென்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.