ஹைப்பர்டெக் காணொளி இயக்கியை நெட்வொர்க்கில் இணைத்துத் தொலைவிலிருந்து இயக்கும் முறை

மேடை நிகழ்ச்சிகளிலும் நேரலைகளிலும் முன்கூட்டியே தயாரித்து வைத்த காணொளிகளைக் குறித்த நொடியில் திரைக்குக் கொண்டுவரப் பலரும் ஒரு மடிக்கணினியையே நம்பியிருக்கிறார்கள். மடிக்கணினியோ பல வேலைகளுக்கும் பொதுவான கருவி. மென்பொருள் புதுப்பிப்பு அறிவிப்போ, மவுஸ் அம்புக்குறியோ, தானாக அணையும் திரையோ எந்த நேரத்திலும் பார்வையாளர்கள் முன் வந்து நிற்கலாம். காணொளியைப் பதிவு செய்வதற்கும் திரும்ப ஓட்டுவதற்கும் மட்டுமே உருவான தனிக்கருவி ஒன்றை இதற்கென வைத்துக்கொண்டு, அதை நெட்வொர்க் வழியாக இயக்குவதே நிம்மதியான வழி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் ஹைப்பர்டெக் வரிசை அத்தகைய கருவிகளில் பரவலாகப் புழங்குவது என்பதால், அதையே எடுத்துக்கொண்டு முழுச் செயல்முறையையும் இங்கே விளக்குகிறேன். ஸ்டுடியோ மினி, ஸ்டுடியோ எச்டி மினி, எச்டி பிளஸ் போன்ற மாடல்களுக்கிடையே பொத்தான்களின் இடமும் மெனுவின் தோற்றமும் மாறினாலும், கீழே சொல்லப்படும் அடிப்படைகள் மாறுவதில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்த அமைப்பில் நெட்வொர்க் கேபிள் வழியாகப் போவது கட்டளைகளும் அவற்றுக்கான பதில்களும் மட்டுமே. படமும் ஒலியும் எஸ்டிஐ அல்லது எச்டிஎம்ஐ எனும் காணொளிக் கேபிள் வழியாகத்தான், பல மூலங்களிலிருந்து வரும் படங்களில் ஒன்றைத் தேர்ந்து திரைக்கு அனுப்பும் சுவிட்சருக்கோ எல்இடி திரையின் பிராசஸருக்கோ செல்கின்றன. ஆகவே இரண்டு இணைப்புகளும் தேவை. கருவியைத் திரைக்கு அருகில் வைத்துவிட்டு, அரங்கின் பின்பகுதியில் அமர்ந்திருக்கும் இயக்குநர் 100 மீட்டர் வரை நீளமுள்ள சாதாரண ஈதர்நெட் கேபிள் ஒன்றின் மூலம் அதை ஆள முடிவதுதான் இதில் கிடைக்கும் பெரிய வசதி.

கோப்புகளைத் தயாரித்தல்

நெட்வொர்க்கைவிட இந்தப் பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும். நிகழ்ச்சியின்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேயே விதைக்கப்படுகின்றன. ஹைப்பர்டெக் ஒரு நேரத்தில் ஒரே காணொளித் தரத்தில்தான் இயங்கும். 1080பி25 என்று அமைத்திருந்தால், அந்தத் தெளிவுத்திறனும் நொடிக்கு 25 ஃபிரேம் என்ற வேகமும் கொண்ட கிளிப்கள் மட்டுமே அதன் டைம்லைனில் ஏறும்; மற்றவை கார்டில் இருந்தாலும் வரிசையில் தென்படமாட்டா. ஒரு விளம்பரதாரர் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய 30 ஃபிரேம் காணொளியை மற்றக் கிளிப்களோடு அப்படியே கார்டில் போட்டுவிட்டால், கணினியில் அது அழகாக ஓடும். கருவியோ அதைக் கண்டுகொள்ளாது. கைபேசிக் காணொளிகளில் ஃபிரேம் வேகமே நிலையாக இல்லாமல் ஏறி இறங்கும் குறையும் உண்டு. எனவே யார் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், அதை ஒரு முறை நம் தரத்துக்கு மாற்றிய பிறகே கார்டில் ஏற்ற வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ், ஷட்டர் என்கோடர் போன்ற மென்பொருள்கள் இதற்குப் போதுமானவை.

எந்தத் தரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, முழு அமைப்பும் எதில் ஓடுகிறதோ அதுவே என்பதுதான் விடை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதாலும், தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றி வந்ததாலும், 1080ஐ50, 1080பி25, 1080பி50 ஆகிய மூன்றில் ஒன்றாகவே அது பெரும்பாலும் இருக்கும் (ஐ என்பது ஒவ்வொரு ஃபிரேமையும் இரு பாதிகளாக அனுப்பும் முறை, பி என்பது முழு ஃபிரேமாக அனுப்பும் முறை). சுவிட்சரைக் கையாள்பவரிடம் முன்னாளே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் முறையான கோடெக்கைப் பொறுத்தவரை, ஆப்பிள் புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்டியைப் பரிந்துரைக்கிறேன். புதிய மாடல்கள் எச்.264 கோப்புகளையும் ஏற்கும். அது இடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், குறித்த ஃபிரேமுக்குத் தாவி உடனே ஓட்டும் வேலைக்கு ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் புரோரெஸ் போன்ற கோடெக்குகளே ஏற்றவை. 1080பி25இல் புரோரெஸ் 422 நொடிக்கு ஏறத்தாழ 122 மெகாபிட் எடுத்துக்கொள்ளும்; அதாவது ஒரு மணி நேரக் காணொளிக்கு 55 ஜிபி தேவைப்படும். அதைவிட உயர்தரமான எச்க்யூ வகையாக இருந்தால் 184 மெகாபிட். மேடையில் ஓடும் கிளிப்கள் மொத்தமாக அரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது என்பதால், நல்ல வேகமுள்ள 64 ஜிபி எஸ்டி கார்டே தாராளமாகப் போதும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருங்கள்.

கார்டை எக்ஸ்ஃபேட் அல்லது மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் வசதியானது. மேக் மட்டுமே பயன்படுத்துவோருக்கு, எதிர்பாராத மின்தடையில் தரவு சிதையாமல் மீட்கும் வாய்ப்பை அதிகமாகத் தரும் எச்எஃப்எஸ் பிளஸ் சிறந்தது. கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்டவையாக, இடைவெளியின்றி, 01, 02 என்று தொடங்குமாறு வையுங்கள். தமிழ்ப் பெயர் வைக்க ஆசையிருந்தாலும், பொத்தான் பலகை, சுவிட்சர், கட்டளைச் சாளரம் என்று பல கைகளுக்கு மாறும் பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவது அதைவிட முக்கியம்.

ஐபி முகவரியை நிலைப்படுத்துதல்

கருவியின் முகப்பிலுள்ள மெனுவிலோ, யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்துத் திறக்கும் ஹைப்பர்டெக் செட்டப் மென்பொருளிலோ நெட்வொர்க் அமைப்பைக் காணலாம். அங்கே ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபி என்பதை நீக்கிவிட்டு நிலையான முகவரியைக் கொடுங்கள். டிஎச்சிபியில் விட்டால் ரவுட்டர் ஒவ்வொரு முறையும் வேறு முகவரி தரக்கூடும்; நேற்று ஒத்திகையில் வேலை செய்த பொத்தான்கள் இன்று ஊமையாகிவிடும். எடுத்துக்காட்டாக, கருவிக்கு 192.168.10.51, கணினிக்கு 192.168.10.20, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வைக்கலாம். இரண்டாவது ஹைப்பர்டெக் இருந்தால் 52. முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இந்தக் கருவிகளுக்கெனத் தனியாக ஒரு சிறிய நெட்வொர்க் சுவிட்ச் வைத்துக்கொள்வதே முறை. நாம் பயன்படுத்தப்போகும் கட்டளை வாயிலுக்குக் கடவுச்சொல் கிடையாது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்தக் கணினியும் கருவியை நிறுத்தவும் ஓட்டவும் முடியும். மண்டபத்தின் பொது வைஃபையோடு இதை இணைப்பது கூடவே கூடாது.

கட்டளைகளால் பேசுதல்

ஹைப்பர்டெக் 9993ஆம் எண் டிசிபி போர்ட் என்ற நெட்வொர்க் வாயிலில் எளிய எழுத்துக் கட்டளைகளுக்குக் காத்திருக்கிறது. விண்டோஸில் புட்டி மென்பொருளைத் திறந்து, இணைப்பு வகையை ரா என்று வைத்து, கருவியின் முகவரியையும் 9993 என்ற போர்ட்டையும் கொடுத்தால் போதும். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் நெட்கேட் கட்டளையைப் பயன்படுத்தலாம். கீழே தமிழில் தந்திருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், முக்காற்புள்ளிகளையும் இடைவெளிகளையும் அப்படியே பின்பற்றித் தட்டச்சு செய்து என்டர் அழுத்த வேண்டும்; கோடூ, லாஸ்ட்ஃபிரேம் ஆகியவை மட்டும் ஒட்டி எழுதப்படும் ஒற்றைச் சொற்கள்.

இணைப்பு கிடைத்தவுடன் கருவியே முதலில் பேசும். 500 என்ற எண்ணோடு தொடங்கி, புரோட்டோகால் பதிப்பையும் மாடல் பெயரையும் சொல்லும். அது வரவில்லையென்றால் முகவரி, கேபிள், கணினியின் ஃபயர்வால் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அடுத்ததாகக் கருவியின் முகப்பிலுள்ள ரெம் பொத்தான் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் கட்டளைகளுக்கு 111 என்ற பதில், அதாவது தொலைக்கட்டுப்பாடு நிறுத்தப்பட்டுள்ளது என்ற மறுப்பு வரும். பொத்தானை அழுத்தலாம், அல்லது இருந்த இடத்திலிருந்தே இதை அனுப்பலாம்:

ரிமோட்: எனேபிள்: ட்ரூ

200 ஓகே என்று வந்தால் கருவி உங்கள் சொல்லைக் கேட்கத் தயார். இப்போது கார்டில் உள்ளவற்றைக் கேளுங்கள்:

கிளிப்ஸ் கெட்

பதில் இவ்வாறு இருக்கும்:

205 கிளிப்ஸ் இன்ஃபோ:
கிளிப் கவுண்ட்: 4
1: 01_வெல்கம்.எம்ஓவி 00:00:00:00 00:00:45:00

அதன் கீழ் மற்றவையும் வரும். முதலில் எண், பிறகு பெயர், தொடக்க நேரக்குறி (மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம்), நீளம். கார்டில் ஐந்து கோப்புகளை ஏற்றியிருக்க, இங்கே நான்கு என்று காட்டினால் விடுபட்ட ஒன்றின் தரம் பொருந்தவில்லை என்றே பெரும்பாலும் பொருள். எந்தக் கிளிப்புக்கு எந்த எண் என்பதையும் இந்தப் பட்டியலைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் 03 என்று எழுதியிருப்பதாலேயே கருவியில் அதன் எண் 3 ஆகிவிடாது, ஏனெனில் இரண்டாவது கோப்பு விடுபட்டிருந்தால் வரிசை ஒன்று குறைந்திருக்கும். தவறான கிளிப் திரைக்கு வருவதன் வழக்கமான காரணம் இதுவே. கருவி வேறொரு தரத்தில் நின்றிருந்தால் அதை மாற்றவும் ஒரு கட்டளை உண்டு:

ஸ்லாட் செலக்ட்: ஸ்லாட் ஐடி: 1 வீடியோ ஃபார்மட்: 1080பி25

இனி ஓட்டலாம். மூன்றாவது கிளிப்புக்குப் போய் அதை மட்டும் ஓட்ட இரண்டு வரிகள்:

கோடூ: கிளிப் ஐடி: 3
பிளே: சிங்கிள் கிளிப்: ட்ரூ

வெறும் பிளே என்று அனுப்பினால் மூன்று முடிந்ததும் நான்காவது தானாகத் தொடங்கிவிடும்; மேடையில் அது பெரும் சங்கடம். ஆகவே சிங்கிள் கிளிப் என்ற பகுதியை ஒருபோதும் விடாதீர்கள். பின்னணியாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய லோகோ காட்சிக்கு மட்டும் அதோடு லூப்: ட்ரூ என்பதையும் சேர்க்கலாம். நிறுத்த ஸ்டாப் என்பதே போதும்.

கிளிப் முடிந்த பிறகு திரையில் என்ன நிற்க வேண்டும் என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். கடைசிக் காட்சி அப்படியே உறைந்து நிற்க வேண்டுமானால்:

பிளே ஆப்ஷன்: ஸ்டாப் மோட்: லாஸ்ட்ஃபிரேம்

அதற்குப் பதில் பிளாக் என்று கொடுத்தால் திரை கருமையாகும். பெரிய எல்இடி திரையில் திடீர்க் கருமையைக் காண்போர் ஏதோ பழுதாகிவிட்டது என்றே நினைப்பார்கள். ஆகவே கிளிப்பின் இறுதியில் நிகழ்ச்சியின் லோகோவைச் சில நொடிகள் வைத்துத் தொகுத்து, லாஸ்ட்ஃபிரேம் அமைப்போடு ஓட்டுவதையே நான் விரும்புவேன்.

கட்டளைக்கு 200 வந்துவிட்டது என்பதோடு திருப்தியடைந்துவிடாமல், கருவியின் நிலையைக் கேட்டறிவதுதான் தொலைக்கட்டுப்பாட்டின் உயிர்நாடி. டிரான்ஸ்போர்ட் இன்ஃபோ என்று கேட்டால், 208 என்ற எண்ணோடு ஸ்டேட்டஸ், வேகம், கிளிப் எண், நேரக்குறி, காணொளித் தரம் அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் பிரிவியூ என்று இருந்தால், கருவி தன் உள்ளீட்டில் வரும் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரிவியூ: எனேபிள்: ஃபால்ஸ் என்று அனுப்பி வெளியீட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்க விரும்பாதவர்கள் நோட்டிஃபை: டிரான்ஸ்போர்ட்: ட்ரூ என்று ஒரு முறை சொல்லிவிட்டால், நிலை மாறும்போதெல்லாம் 508 என்ற எண்ணோடு கருவி தானே அறிவிக்கும். சொந்தமாக நிரல் எழுதுவோர், முதல் வரி முக்காற்புள்ளியில் முடிந்தால் ஒரு வெற்று வரி வரும்வரை பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொத்தான்களும் சுவிட்சரும்

நிகழ்ச்சி நடக்கும்போது யாரும் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. பிட்ஃபோக்கஸ் கம்பானியன் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதில் ஹைப்பர்டெக்கின் முகவரியைச் சேர்த்தால், ஸ்ட்ரீம் டெக் பலகையின் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு கிளிப்புக்கு ஒதுக்கலாம். மேலே கண்ட இரண்டு வரி வேலையையே அந்தப் பொத்தான் செய்கிறது. கட்டளைகளை ஒரு முறை கையால் அனுப்பிப் பார்த்தவருக்குப் பொத்தான் வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்திருக்கும். ஓடும் கிளிப்பின் பொத்தான் நிறம் மாறுமாறு ஃபீட்பேக்கையும் அமைத்துவிடுங்கள்.

பிளாக்மேஜிக்கின் ஏட்டெம் சுவிட்சர் இருந்தால், அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஹைப்பர்டெக்கின் முகவரியையும் அது எந்த உள்ளீட்டில் வருகிறது என்பதையும் பதிவு செய்து, ஆட்டோ ரோல் வசதியை இயக்கலாம். அந்த உள்ளீட்டுக்கு மாறியவுடன் கிளிப் தானாக ஓடத் தொடங்கும்.

சிக்கல் வரும்போது

நிகழ்ச்சிக்கு முன் கருவி, நெட்வொர்க் சுவிட்ச், கணினி மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள். கருவிக்கு மட்டும் மின்காப்பு கொடுத்து, கையளவு நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிட்டால், மின்சாரம் போனதும் படம் திரையில் இருக்கும், ஆனால் கட்டளை போகாது. நிகழ்ச்சி நடக்கும்போது எஃப்டிபி என்ற நெட்வொர்க் கோப்புப் பரிமாற்ற முறை வழியாகப் புதிய கோப்புகளை ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். கடைசி நேரக் கிளிப்பை இன்னொரு கார்டில் போட்டு இரண்டாவது ஸ்லாட்டில் செருகுவது பாதுகாப்பானது.

மறுப்பு எண்களில் சிலவற்றை மனத்தில் வைத்திருந்தால் நேரம் மிச்சமாகும். 100 என்றால் கட்டளையில் எழுத்துப்பிழை. 105 என்றால் கார்டு இல்லை அல்லது சரியாகச் செருகப்படவில்லை. 107 என்றால் டைம்லைனில் ஒன்றுமில்லை. அப்போது கோப்புகளின் தரத்தைப் பாருங்கள். 109 என்றால் இல்லாத கிளிப் எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள். 120 என்றால் கருவி இணைப்பையே மறுக்கிறது. ஏற்கெனவே திறந்துவிட்டு மறந்த புட்டி சாளரம் ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அதில் க்விட் என்று அனுப்பி இணைப்பை முறையாக மூடிவிட்டு, கம்பானியனை மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள்.