ஹெட்லைட் எரியவில்லையா? பல்பு வாங்கும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எனக் கடலை ஒட்டிய ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள், ஹெட்லைட் அணைந்தவுடன் பல்பின்மீது பழி போடுவது வழக்கம். வடகடலில் வாடைக்காற்று வீசும் மாதங்களிலும் தென்கடலில் கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களிலும் உப்பு ஈரம் பானெட்டுக்குள் புகுந்து, ஒயரைப் பல்போடு இணைக்கும் கப்ளரின் உலோக முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. நானும் இதை அறியாமல் ஒரே ஆண்டில் இரண்டு பல்புகளை மாற்றி, மூன்றாவதையும் வாங்கி வந்த பிறகுதான், விளக்கின் மின்சாரத்தைக் காரின் உடல் தகட்டுக்குத் திருப்பும் எர்த் ஒயரின் போல்ட் துருவேறிக் கிடந்ததைக் கண்டேன். கழற்றிப் போட்ட அந்த இரண்டு பல்புகளும் இன்றும் நன்றாக எரிகின்றன.

இங்கே சொல்வது எச்4 வகை ஹாலஜன் பல்புக்கானது. 12 வோல்ட்டில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட் எடுக்கும் மூன்று முனை பல்பு இது. செனான் விளக்கில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் அதை வீட்டில் பிரிக்கவே கூடாது. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர், நுண்ணிய உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், மின் முனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, வாசலின், சுத்தமான துணி ஆகியவை கையில் இருந்தால் போதும்.

முதல் வேலை, எதையும் கழற்றாமல் பார்ப்பது. இரவில் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீம், ஹை பீம் இரண்டையும் மாறி மாறிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்பையோ கப்ளரையோ எர்த்தையோ சந்தேகிக்கலாம். சில கார்களில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் இருப்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் ஃபியூஸ், சுவிட்சின் சிறு மின்சாரத்தால் இயங்கி விளக்குக்குப் பெரிய மின்சாரத்தை விடும் ரிலே, ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எரிந்தும் மங்கலாக இருந்தால், அதுதான் நம் கடற்கரையின் கைவரிசை.

ஃபியூஸைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து உரிய ஃபியூஸைப் பிடுங்கி, உள்ளிருக்கும் கம்பி அறுந்துள்ளதா என்று பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கழற்றிய அதே அளவைத்தான் போட வேண்டும். அவசரத்துக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவோரை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர்தான் எரியும். ரிலேயைச் சோதிக்க, அதே எண் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து பல்பு. விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, கப்ளரை அதன் உடலைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னாலுள்ள ரப்பர் மூடியையும் கிளிப்பையும் விடுவித்தால் பல்பு வெளியே வரும். கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். இப்போது இடது, வலது பல்புகளை இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே மறுபக்கம் போனால் பல்பு கெட்டது. பழுது இருந்த இடத்திலேயே நின்றால் பல்பு நல்லது. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை அன்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பழுது நின்ற இடத்திலேயே நின்றால், கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால், பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனரை அடித்துப் பிரஷால் தேய்த்து, முழுவதும் உலர விடுங்கள். பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை; புதுக் கப்ளர் போட வேண்டியதுதான். அதிக வாட் பல்பு போட்ட கார்களில் இது சகஜம்.

பின்பு மைனஸை மாட்டி, விளக்கைப் போட்டு, கப்ளர் பல்பில் இருக்கும்போதே அதன் பின்புறமாக மீட்டர் கம்பிகளை நுழைத்து, எரியும் பீமின் இரு முனைகளுக்கிடையே அளவெடுங்கள். பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்க இங்கே 11தான் காட்டினால், மீதி 1.4 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால் இது சிறிய இழப்பன்று. தொலையும் இடம் பெரும்பாலும் எர்த் போல்ட்தான். மைனஸை மறுபடி கழற்றிவிட்டு, அந்தப் போல்ட்டையும் எடுத்து, ஒயரின் வளையத்தையும் அது உட்காரும் தகட்டையும் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும்.

விளக்குக் கூட்டுக்குள் லேசான பனிப்படலம் தோன்றி, எரியத் தொடங்கியதும் மறைந்தால் கவலை இல்லை. தண்ணீர் தேங்கி நின்றால் ரப்பர் மூடியிலோ கண்ணாடி ஒட்டிலோ விரிசல் இருக்கிறது. எல்லாம் சரியாகியும் சுவிட்ச் பகுதி சூடானாலோ, ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ, ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்ததும் காரை மீண்டும் அதே சுவருக்கு எதிரே நிறுத்தி, இரு பக்க லோ பீமும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். பல்பு தன் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் ஒளி மேல்நோக்கிப் போய், பாம்பன் பாலத்தில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.