கம்பெனி சம்பாதித்ததில் யாருக்கு எவ்வளவு? ஆண்டறிக்கையை வைத்துக் கணக்குப் போடலாம்

சம்பளம், வட்டி, டிவிடெண்ட், வரி என்று ஒரு கம்பெனியின் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க, ஜிஆர்ஐ (குளோபல் ரிப்போர்ட்டிங் இனிஷியேட்டிவ்) என்ற சர்வதேச அமைப்பின் 201-1 என்ற அளவுகோல் இருக்கிறது. வந்ததில் பகிர்ந்ததைக் கழித்தால் மிச்சம். கேட்க எளிது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

முதலில் ஆண்டறிக்கையின் பிடிஎஃப்பை எடுங்கள். பழகும்வரை ஸ்டாண்ட்அலோன், அதாவது அந்த ஒரு கம்பெனியின் கணக்கே போதும். துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கன்சாலிடேட்டட் பக்கம் போகாதீர்கள். எண்களை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கையாலேயே அடியுங்கள். பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் பத்திகள் கலைந்து, போன வருட எண் இந்த வருடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஒரு கற்பனைக் கம்பெனி, எல்லாம் கோடியில்: விற்பனை 100, இதர வருமானம் 2. மூலப்பொருள் 55, ஊழியர் செலவு 15, வட்டி 4, தேய்மானம் 6, இதர செலவுகள் 12. வரிக்கு முந்தைய லாபம் 10. நடப்பு வரி 2.7, ஒத்திவைத்த வரி, அதாவது இப்போது பணமாகப் போகாமல் கணக்கில் மட்டும் வரும் வரி, (0.2), நிகர லாபம் 7.5. அடைப்புக்குறி என்றால் கழித்தல்.

அடுத்தது ‘இதர செலவுகள்’. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். 12 கோடியையும் அப்படியே இயக்கச் செலவில் போட்டேன். அப்புறம் சமூகத்துக்கு என்று சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) 0.2-ஐத் தனியாக எழுதினேன். ஆனால் அந்த 20 லட்சம் ஏற்கெனவே 12-க்குள் இருக்கிறது! பின்னால் வரும் குறிப்பைத் திறந்து பாருங்கள். பவர் அண்டு ஃபியூயல், ரிப்பேர் எல்லாம் தாண்டி, ‘ரேட்ஸ் அண்டு டாக்சஸ்’ 0.3, சிஎஸ்ஆர் 0.2 என்று கீழே கிடக்கும். முன்னது அரசுக்கு, பின்னது சமூகத்துக்கு. 12-ல் இந்த இரண்டும் போக 11.5.

இனி பிரிப்போம். இயக்கச் செலவு, மூலப்பொருள் 55-உம் இந்த 11.5-உம் சேர்ந்து 66.5. தேய்மானம் யார் கைக்கும் போகும் பணம் அல்ல, அதனால் சேராது. ஊழியர் 15. மூலதனம் தந்தவர்களுக்கு வட்டி 4, டிவிடெண்ட் 3, ஆக 7. அரசுக்கு நடப்பு வரி 2.7, ரேட்ஸ் அண்டு டாக்சஸ் 0.3, ஆக 3; ஒத்திவைத்த வரி இன்னும் யாருக்கும் போகாததால் சேராது. சமூகம் 0.2. மொத்தம் 91.7. 102-ல் கழித்தால் மிச்சம் 10.3.

டிவிடெண்ட் லாப நட்டக் கணக்கில் இருக்காது. பங்கு மூலதன மாற்ற அறிக்கையில் (ஸ்டேட்மெண்ட் ஆஃப் சேஞ்சஸ் இன் ஈக்விட்டி) தேடுங்கள். இயக்குநர் குழு இப்போது பரிந்துரைத்த இறுதி டிவிடெண்ட், பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்கில் ஏறும்.

சரிபார்ப்பு: நிகர லாபம் 7.5 − டிவிடெண்ட் 3 + தேய்மானம் 6 − ஒத்திவைத்த வரி 0.2 = 10.3. எனக்கு அன்று மிச்சம் 10.1 என்று வந்து 20 லட்சம் இடித்தது. அதைத் துரத்தித்தான் சிஎஸ்ஆரைப் பிடித்தேன்.

ஒப்பந்தத் தொழிலாளர் கூலி இந்த முறையில் ஊழியர் பங்கில் வராது, இயக்கச் செலவில்தான் வரும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. வாசல் காவலாளியும் இயந்திர எண்ணெயும் ஒரே வரிசையில். குறிப்பில் எண் கிடைத்தால் பக்கத்திலேயே தனியாக எழுதி வைக்கிறேன்.

பின்சேர்க்கை: கடைகள் நடத்தும் கம்பெனியைப் போட்டுப் பார்த்த ஒருவர், “வாடகையே காணோமே?” என்று கேட்டிருந்தார். 2019 ஏப்ரல் 1 முதல் குத்தகைக்கான இந்தியக் கணக்கியல் விதி இண்ட் ஏஎஸ் 116 வந்ததால், நீண்டகால வாடகை பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும் உடைந்துவிடுகிறது. கட்டட உரிமையாளருக்குப் போன பணம் மிச்சம் போலத் தெரியும். பணப்பாய்வு அறிக்கையில் குத்தகைக்குக் கட்டிய அசலையும் வட்டியையும் எடுத்து இயக்கச் செலவில் சேருங்கள். அந்த வட்டியை மூலதனப் பங்கிலிருந்து நீக்குங்கள். சரிபார்ப்பில் அசலை மட்டும் கழித்தால் இரண்டும் பொருந்தும்.