பழைய டெஸ்க்டாப்பை டிசைன் வேலைக்குத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை என்று பிளக்ஸ் ஆர்டர் குவியும் நாள்களில்தான் பழைய சிஸ்டம் திணறுவது உறைக்கும். அந்த அவசரத்தில் பலரும் முதலில் வாங்குவது கிராபிக்ஸ் கார்டு. காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான். போட்டோஷாப்புக்கும் கோரல்டிராவுக்கும் முதலில் வேண்டியது ராமும் (வேலை செய்யும்போது சிஸ்டம் பயன்படுத்தும் மெமரி) வேகமான டிஸ்கும்.

வாங்குமுன், உங்களிடம் உள்ள மிகப் பெரிய பைலைத் திறந்து வேலை செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரில் பெர்பாமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100-இல் நின்றால் ராம் போதவில்லை. இரண்டும் சும்மா இருந்து, பிராசசர் மட்டும் முட்டி நின்றால் ராம் சேர்த்துப் பயனில்லை.

சில நேரம் குற்றம் சிஸ்டத்தில் இல்லை, பைலில் இருக்கும். 10-க்கு 6 அடி பேனரை 72 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) செய்தால் 8640 × 5184 பிக்சல், அச்சுக்கான நான்கு நிற முறையான சி.எம்.ஒய்.கே.யில் ஒரு முழு லேயருக்கு ஏறக்குறைய 180 எம்.பி. அதையே 300 டி.பி.ஐ. வைத்தால் ஒரு லேயரே 3 ஜி.பி.யைத் தாண்டும், அகலம் 36,000 பிக்சல் ஆவதால் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. பைலாகச் சேமிக்கவும் முடியாது, அதன் எல்லை 30,000. தூரத்தில் நின்று பார்க்கும் பிளக்ஸுக்கு 72 முதல் 100 போதும். கல்யாணப் பத்திரிகைக்குத்தான் 300 வேண்டும்.

ராம் வாங்கும்போது மதர்போர்டின் பெயரைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். டி.டி.ஆர்.3 என்னும் பழைய வகை ராமுக்கான போர்டில், அடுத்த வகையான டி.டி.ஆர்.4 நுழையவே நுழையாது, ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடம் வேறு. எச்61, எச்81 என்னும் பழைய இன்டெல் வகை போர்டுகள் 16 ஜி.பி. வரைதான் ஏற்கும், ஸ்லாட்டும் இரண்டுதான். ஆகவே 8 ஜி.பி. இரண்டாக வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சில டி.டி.ஆர்.3 ராம்கள் ஏ.எம்.டி. போர்டுக்கு மட்டுமே ஆனவை. இன்டெல் போர்டில் போட்டால் சிஸ்டம் எழும்பாது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எத்தனை போட்டாலும் வீண்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் ராம் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் அதைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போட்டாலே பல சிஸ்டங்கள் எழும்பிவிடும். சூடாகிறது என்று கேபினெட்டின் பக்க மூடியைத் திறந்து போடுவது, அந்தக் காற்றுக்கு வழிவிடுவதுதான். மூடியை மாட்டி, தூசியைத் தட்டி, பிராசசருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் போடுங்கள்.

ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்.எஸ்.டி.யில் 240 ஜி.பி. வாங்கினால், போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்கிராட்ச் டிஸ்க் சீக்கிரமே நிறைந்துவிடும், 500 வாங்குங்கள். எச்61-இல் டிஸ்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் பாதிதான் கிடைக்கும், ஆனாலும் பழைய ஹார்டு டிஸ்கோடு ஒப்பிடவே முடியாது. விண்டோஸ் போட்ட பிறகு பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) டிஸ்க் இயங்கும் முறையைப் பழைய ஐ.டி.இ.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ. என்று நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான் வரும். முதலில் விண்டோஸின் எம்.எஸ்.கான்பிக் கருவியில் சேப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், பயாஸில் மாற்றுங்கள், சேப் மோடில் எழும்பியதும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

புதிதாக விண்டோஸ் போடுகிறவர்கள் தமிழ் எழுத்துருக்களைத்தான் இழக்கிறார்கள். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸை மட்டும் காப்பி செய்தால் போதாது. விண்டோஸ் 10-இல் நீங்களாகச் சேர்த்தவை ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ் என்று போகும் வழியில் தனி பான்ட்ஸ் போல்டரில் இருக்கும். அது விடுபட்டால் யூனிகோடுக்கு முந்திய பழைய பத்திரிகை பைல்கள் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மென்பொருளுக்குப் பேரலல் போர்ட் டாங்கிள் (பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் உரிமப் பூட்டு) வைத்திருந்தால், புதிய போர்டில் அந்தப் போர்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைப் பிராசசரின் தலைமுறை சொல்லும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். 3, 4-ஆம் தலைமுறை சிஸ்டத்துக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டு அதோடு நிறுத்துங்கள். மிச்சக் காசை நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல ஐ.பி.எஸ். மானிட்டருக்குப் போடுங்கள், நாளை புதிய சிஸ்டம் வாங்கினாலும் அது கூடவே வரும். டி.டி.ஆர்.3 ராம் வராது.

கிராபிக்ஸ் கார்டு வேண்டியே தீரும் என்றால், முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்ததில் 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். அலுவலகங்களிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் பிராண்டட் சிஸ்டங்களில் பலவற்றின் கனெக்டரே வேறு, சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது. 75 வாட்டுக்குள் அடங்கும், தனி பவர் கேபிள் கேட்காத கார்டே பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு. 600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது 360 வாட் அளவுதான். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடித்தால் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்துவிட்டுப் புதிய பாகத்தை மாட்டுங்கள். ஐப்பசி மழையில் இடி தொடங்கினால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாக வந்தும் போர்டைக் கொல்லும்.