படுக்கையறை இரைச்சலை அளப்பது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் இரவு இரைச்சலை அளக்க, கைப்பேசியில் ஒலிமானிச் செயலியை நிறுவி, ‘ஏ’ எடையிட்ட டெசிபலை, அதாவது மனிதக் காது கேட்கும் விதத்துக்கேற்பச் சரிசெய்த ஒலி அளவை (dBA), தேர்ந்தெடுங்கள். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மின்விசிறிக் காற்று ஒலிவாங்கியில் படாதவாறு கைப்பேசியை வைத்து, 15 நிமிடச் சராசரியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டால் நீங்கள் அளப்பது மோட்டார்சைக்கிளையோ மோனோரயிலையோ அன்று, மின்விசிறியைத்தான்.

டெசிபல் மடக்கை அளவு என்பதால், 3 கூடினாலே ஒலியாற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குப் பரிந்துரைத்த இரவுச் சராசரி 30 டெசிபல், உச்சம் 45. நாம் விழிக்காவிட்டாலும் இரைச்சல் உறக்கத்தைக் கலைத்து இதயத் துடிப்பை உயர்த்துகிறது. நீண்டகாலச் சாலை இரைச்சல் இதய நோயுடன் தொடர்புடையது. கைப்பேசி சில டெசிபல் பிழைபடக்கூடும் என்பதால், சன்னலைத் திறந்தும் மூடியும் அளந்து ஒப்பிடுவதே பயன் தரும்.