வீட்டுப் புல்தரை: முதலில் வேரைக் கீழே இறக்குங்கள்

வீட்டு முன்னால் போட்ட புல்தரை ஆறே மாதத்தில் திட்டுத்திட்டாக மஞ்சளடித்தால், பெரும்பாலும் தண்ணீர் விடும் முறையில்தான் கோளாறு இருக்கும். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்தால் மேல்மண் மட்டும்தான் நனையும். ஈரம் இருக்கும் இடத்தைத் தாண்டி வேர் போகாது. சித்திரை வெயிலில் அந்த இரண்டு விரல் மண் காய்ந்ததும் புல் சுருண்டுவிடும். ராத்திரி முழுக்க இலை ஈரமாகக் கிடப்பதால் பூஞ்சையும் பிடிக்கும்.

வேரூன்றிய புல்லுக்கு வாரம் இரண்டு முறை, விடியற்காலையில், ஆழமாக நனையும்படி விடுங்கள். ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டர் என்று கணக்கு. 100 சதுர அடிக்குச் சுமார் 110 லிட்டர் வரும். 20 லிட்டர் வாளியை ஹோஸில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் 100 சதுர அடிக்கு ஐந்தரை நிமிடம் விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் 10 சென்டிமீட்டராவது சுலபமாக இறங்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் தண்ணீர் வழிந்தோடும். பாதி விட்டு, அரை மணி கழித்து மீதியை விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மணற்பாங்கான இடத்துக்கு மூன்றாவது தடவையும் தேவைப்படலாம். மிதித்த தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். புதிதாகப் பதித்த புல்லுக்கு மட்டும் முதல் இரண்டு மூன்று வாரம் தினசரி ஈரம் வேண்டும். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகம்புல் வெயில் தாங்கும், மிதி தாங்கும். நிழல்தான் ஆகாது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் அதைப் போட்டால் மெலிந்துகொண்டே போகும். மாமர நிழலில் எருமைப்புல் போடுவதே மேல். கொரியன் புல் மெதுவாகத்தான் வளரும், ஆனால் வெட்டாமல் விட்டால் மேடுமேடாகப் பொங்கிவிடும்.

வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அருகு, கொரியன் இரண்டுக்கும் 3 முதல் 4 சென்டிமீட்டர், எருமைப்புல்லுக்கு 6 சென்டிமீட்டர் நிற்கட்டும். ‘அடிக்கடி வெட்ட வேண்டாமே’ என்று ஒட்ட வெட்டினால் மண் வெயிலுக்குத் திறந்துகொள்ளும், களை புகும். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெளுத்துக் கிழிந்த மாதிரி தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடியுங்கள்.

உரத்தில் கை தாராளம் வேண்டாம். புல் வளரும் மாதங்களில் 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா, மாதம் ஒரு தடவை போதும். இரண்டு கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும். யூரியா போட்டும் இளம் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. காரத்தன்மையுள்ள போர்த் தண்ணீர் பாயும் இடங்களில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது.

கோரைதான் பெரிய தலைவலி. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது குத்துக்கோலால் கிழங்கோடு தோண்டுங்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் புல்லும் சேர்ந்து சாகும். கோரை பெரும்பாலும் லாரியில் வரும் மண்ணோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. கொட்டிய மண்ணை நனைத்து மூன்று வாரம் போட்டுவைத்து, முளைத்ததை அகற்றிய பிறகே பரப்புங்கள்.

ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரில், இறுகிய தரையை முள்மண்வெட்டியால் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சாண் இடைவெளியில் குத்திவிடுங்கள். மணலும் சலித்த மக்கிய உரமும் கலந்து அரை சென்டிமீட்டர் தூவிப் பெருக்கித் தள்ளுங்கள். 100 சதுர அடிக்கு 45 லிட்டர், மூன்று நான்கு பாண்டு பிடிக்கும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். முழுக்க மூடினால் அழுகும்.

மழைக்குப் பின் காகமும் மைனாவும் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறினால் அங்கே புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய்போல் உரிந்து வந்தால் அடியில் வேர்ப்புழு இருக்கிறது. வெள்ளையாக, வளைந்து கிடக்கும் புழுக்களைப் பொறுக்கி எடுத்து, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய உரத்தில் கலந்து ஈர மண்ணில் இட்டு, புதுப் புல் பதியுங்கள்.